அஞ்சலாட்சி நடத்திய ஞாயிறு வகுப்பு

அஞ்சலாட்சி அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் நடந்தது முழுக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். ஹரிகிருஷ்ணன் சொல்லமாட்டார். அக்காவுக்குச் சொல்லி அலுத்துவிட்டது. மிச்சம் நான்.

என் பெயர் முருகையன். புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். எந்தத் துறை என்பது வேண்டாம். 2007 வரை அக்காவும் நானும் அங்கே வவுச்சர் ஊழியர்கள். வெளியூர்க்காரர்களுக்கு இந்த வார்த்தை புரியாது. வேலையில் சேர்ந்ததற்கு ஆணை கிடையாது. வருகைப் பதிவேட்டில் பெயர் கிடையாது. மாதக் கடைசியில் ஒரு வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்த நாட்களுக்கான கூலியை வாங்கிக்கொண்டு போகவேண்டும். காய்ச்சல் என்று படுத்தால் அன்றைக்குக் கூலி இல்லை. பிரசவத்துக்கும் அதே கணக்குதான். தேர்தல் வரும்போதெல்லாம் நிரந்தரம் ஆக்கப்போவதாகச் சொல்வார்கள். அந்தச் சொல்லை நம்பி அக்கா பதினோரு வருடம் இருந்தார், நான் ஆறு வருடம்.

அக்காவுக்கு வில்லியனூரைத் தாண்டி ஒரு கிராமம். அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போட்டவர். அந்தக் குடும்பத்தில் பிளஸ் டூ முடித்த முதல் பெண் அக்காதான், தட்டச்சும் படித்திருந்தார். கணவர் இராமதாஸ், புதுச்சேரிக்குள்ளேயே இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் டெம்போ ஓட்டினார். ஒரே மகள். முத்தியால்பேட்டையில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ரொலான் என்ற உள்ளூர்த் தமிழரின் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

எங்கள் அலுவலகத்துக்கு 2003இல் கம்ப்யூட்டர் வந்தபோது நிரந்தர ஊழியர்கள் யாரும் அதைத் தொடவில்லை. கண் கெட்டுவிடும் என்றார் ஒருவர். ஓய்வுபெற நாலு வருடம்தான் இருக்கிறது, இனிமேல் எதற்கு என்றார் இன்னொருவர். கண்காணிப்பாளர் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா அஞ்சலாட்சி, நீ டைப்பிங் படிச்சவதானே, இதைப் பாத்துக்க" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

இரண்டு வருடம் கழித்து ஆகஸ்டில் அந்தக் கம்ப்யூட்டர் கிளம்பவே மறுத்தது. வைரஸ். சட்டசபைக்குப் போகவேண்டிய புள்ளிவிவரம் எல்லாம் உள்ளே இருந்தது. பழுது பார்க்க வந்தவர், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் மறுபடி போடமுடியும் என்று சொல்லிவிட்டார். அன்று மாலை தண்ணீர் பிடிக்கும்போது அக்கா இதை வீட்டுக்காரரின் மகள் அனைஸிடம் புலம்பினார். அனைஸ் பிரான்சில் ஒரு நூலகத்தில் வேலை பார்ப்பவர், வக்கான்ஸுக்கு, அதாவது விடுமுறைக்கு, வந்திருந்தார். உள்ளே போய் ஒரு சிடியும் பென் டிரைவும் எடுத்துவந்து கொடுத்தார்.

"இதைப் போட்டு மெஷினை ஆன் பண்ணு. உள்ள இருக்கற விண்டோஸைத் தொடாது. சிடியிலேருந்தே ஓடும். உன் ஃபைலை மட்டும் எடுத்துக்க."

மறுநாள் அக்கா அதையே செய்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். செத்துப்போன பெட்டியில் வேறொரு திரை வந்தது. அதன் பெயர் லினக்ஸ் என்றார் அக்கா. அரைமணி நேரத்தில் எல்லாக் கோப்பும் பென் டிரைவில் ஏறிவிட்டது. சாயங்காலம் அக்கா சிடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அனைஸ் வாங்கிக்கொள்ளவில்லையாம்.

"வச்சிக்க. யாருக்கு வேணும்னாலும் காப்பி போட்டுக் குடு."

"திருட்டு சிடியா?"

"இல்ல. எழுதினவங்களே அப்படித்தான் குடுத்திருக்காங்க. கிராத்துய் வேற, லிப்ர் வேற. காசு இல்லாதது கிராத்துய். இது லிப்ர், சுதந்திரமானது. உனக்கு இதுமேல உரிமை இருக்குது."

இந்தப் பேச்சை அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். வாங்காமலும் திருடாமலும் ஒரு பொருள் தன் கைக்கு வந்ததில் அவருக்கு அப்படி ஒரு ஆச்சரியம். எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்ததே திருட்டு விண்டோஸ்தான், அது அவருக்குத் தெரியும். அனைஸ் பிரான்சுக்குத் திரும்புவதற்குள் ஒரு மாதம் தினமும் மாலையில் அவரிடம் உட்கார்ந்து படித்தார்.

அந்த வருடக் கடைசியில் ஒரு பேச்சு கிளம்பியது. கம்ப்யூட்டர் தெரிந்த வவுச்சர்களை மட்டும் நிரந்தரம் ஆக்கப்போகிறார்களாம். உடனே ஊரில் இருந்த பயிற்சி மையங்களில் எல்லாம் கூட்டம். எங்கள் கூலிக்கு அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது. எங்கள் வவுச்சர் ஊழியர் சங்கத்தின் கூட்டத்தில் எல்லோரும் இதையே பேசிக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"நானே சொல்லித் தரேன். ஞாயித்துக்கிழமையில. எனக்கு எதுவும் தரவேணாம். ரூமும் கரண்டும் மட்டும் சங்கம் குடுத்தா போதும்."

சங்கத் தலைவர் ஹரிகிருஷ்ணன் முதலில் கை தட்டினார். அவரைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும். எங்களுக்காக மூன்று முறை உண்ணாவிரதம் இருந்தவர், ஒருமுறை போலீஸ் வேனில் ஏற்றப்பட்டவர். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்த சங்க அறையின் சாவியை அன்றைக்கே அக்கா கையில் கொடுத்தார்.

கம்ப்யூட்டர்களை இராமதாஸ் கொண்டுவந்தார். அவருடைய கம்பெனியில் ஒன்பது பழைய பெட்டிகளைக் கழித்துக் கட்டியிருந்தார்கள். முதலாளியிடம் கேட்டு, டெம்போவில் ஏற்றி, சந்துக்குள் வண்டி நுழையாததால் ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்துவந்தார். "ஞாயித்துக்கிழமை ஒரு நாளு வூட்ல கறி ஆக்குவா, அதுவும் போச்சு" என்று படியேறும்போது என்னிடம் சொன்னார். ஆனால் முகத்தில் கோபம் இல்லை. ஒன்பதைப் பிரித்து, கெட்டதை எடுத்து நல்லதைச் சேர்த்து, அக்கா ஆறு பெட்டிகளை ஓடவைத்தார். புது விண்டோஸ் ஏறாத அந்தக் கிழட்டுப் பெட்டிகளில் லினக்ஸ் ஏறியது. விசைகளில் தமிழ் எழுத்து வேண்டுமே என்று, காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்டரைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டி, பேனாவால் எழுதினார். வேர்வை பட்டு எழுத்து அழியும். வாரா வாரம் மறுபடி எழுதுவார்.

2006 பொங்கல் கழிந்த ஞாயிறன்று வகுப்பு தொடங்கியது. பதினோரு பேர். வேறு வேறு அலுவலகங்களில் இருந்து வந்தவர்கள், எல்லோரும் வவுச்சர். அக்கா முதல் நாள் செய்த காரியம், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு திறந்ததுதான். உள்ளே போக உன் பெயர், உனக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல், உன் கோப்புக்கு நீதான் சொந்தக்காரர்.

செல்வாம்பாள் அக்கா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் எங்கள் அலுவலகத்தில் பெருக்குவதும் கோப்பு சுமப்பதுமாக இருந்தவர், வயது நாற்பத்து நாலு, பத்தாவது பாஸ்.

"என்னா யக்கா, அழுத்துங்க" என்றார் அஞ்சலாட்சி.

"இருடி. எம் பேரைச் சரியா எழுதியிருக்கே. வவுச்சர்ல ஒம்பது வருசமா செல்லம்மானு போடறானுங்க. சொன்னா எவன் கேக்கறான்."

மெனு எல்லாம் தமிழில் இருந்ததால் செல்வாம்பாள் எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். கோப்பு, தொகு, வெட்டு, ஒட்டு என்று வாய்விட்டுப் படிப்பார். 'செயல்தவிர்' என்பதற்கு அர்த்தம் கேட்டு, அக்கா சொன்னதும், "பண்ணதை இல்லேன்னு ஆக்கிடுமா? எங்க வூட்டுக்கு ஒண்ணு குடும்மா" என்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அந்த அறையில் அந்த ஒரு வருடம் நிறையச் சிரித்தோம். இப்போது நினைத்தால் அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வகுப்பில் நன்றாகக் கற்றவன் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. அக்காவே அப்படிச் சொல்வார்.

அந்த வருடம் அக்டோபரில் ஊருக்குப் பெயர் மாறியது. ஆங்கிலத்திலும் இனிமேல் புதுச்சேரிதான். அலுவலகத்தில் இருந்த ஒவ்வொரு கடிதத் தலைப்பையும் படிவத்தையும் மாற்றவேண்டும். கண்காணிப்பாளர் ஒரு மாத வேலை என்று தலையில் கை வைத்தார். அக்கா அந்த ஞாயிறன்று எங்களுக்குத் தேடி மாற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். "மொத்தமா மாத்தாதீங்க. ஒவ்வொண்ணா பாத்து, மாத்தலாமா வேணாமான்னு யோசிச்சு அழுத்துங்க" என்று இரண்டு தடவை சொன்னார். திங்களும் செவ்வாயும் உட்கார்ந்து அக்காவும் நானும் முடித்துவிட்டோம். என் பங்கில் நான் அவசரப்பட்டு மொத்தமாக மாற்றிவிட்டேன். ஒரு பழைய சங்கத்தின் பதிவுப் பெயரிலேயே ஊர்ப்பெயர் இருந்தது, அதுவும் மாறி நாற்பது கடிதம் வெளியே போய்விட்டது. திரும்பி வந்ததும் கண்காணிப்பாளர் கத்தினார்.

"யாரு பண்ணது?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சார். கவனிக்கல" என்றார் அக்கா.

ஒரு வாரம் கம்ப்யூட்டர் பக்கம் போகக்கூடாது, தண்ணீர் பிடித்துவைக்கும் வேலையைப் பார் என்று தண்டனை. ஒரு வாரம் அக்கா குடம் தூக்கினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். "உன்னை அனுப்பிடுவான் முருகையா, நீ புதுசு. என்னை அனுப்பமாட்டான்" என்று மட்டும் சொன்னார்.

2007 தொடக்கத்தில் சுற்றறிக்கை வந்தேவிட்டது. ஐந்து வருடம் முடித்த வவுச்சர்கள், பதிவுபெற்ற அமைப்பில் ஆறு மாதக் கணினிப் பயிற்சி முடித்த சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். ஒரு தேர்வு இருக்கும். எங்கள் சங்கம் பதிவுபெற்றது என்பதால் ஹரிகிருஷ்ணன் அலைந்து திரிந்து எங்கள் வகுப்பையும் ஏற்கவைத்தார். ஆனால் ஒரு சங்கத்தின் வழியாகப் பன்னிரண்டு பெயர்கள்தான் போகலாம். பதினோரு மாணவர்கள், அக்காவோடு பன்னிரண்டு. சரியாக இருந்தது. பட்டியலைப் பணிமூப்புப்படி அக்காதான் தயாரித்தார். அவர் பெயர் இரண்டாவது. என் பெயர் பன்னிரண்டாவது.

அந்த நேரத்தில் ஹரிகிருஷ்ணன் தன் மனைவியின் தங்கை சிவசங்கரிக்கும் ஒரு சான்றிதழ் கேட்டார். சிவசங்கரி வேறோர் அலுவலகத்தில் வவுச்சர். கணவன் விட்டுவிட்டுப் போய், இரண்டு பிள்ளைகளோடு ஹரிகிருஷ்ணன் வீட்டில்தான் இருந்தாள். அவளும் பாவம்தான். ஆனால் வகுப்புக்கு இரண்டு ஞாயிறுதான் வந்திருந்தாள்.

"ஆறு மாசம் வந்தான்னு நான் எழுதமாட்டேன் தலைவரே" என்றார் அக்கா. "இப்பலேருந்து வரட்டும். நானே தனியா உக்காந்து சொல்லித் தரேன். அடுத்த தடவை போகட்டும்."

"அடுத்த தடவை எப்ப வரும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா இது பொய்யா ஆயிடும். பொய்யின்னு தெரிஞ்சா எல்லார் சான்றிதழும் போயிடும்."

ஹரிகிருஷ்ணன் எழுந்து போய்விட்டார். அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் என்னை மட்டும் சங்க அறைக்கு வரச்சொன்னார். கதவைச் சாத்தினார்.

"சிவசங்கரிக்கு ஒரு சர்டிபிகேட் அடி. பட்டியல்ல அவ பேரைச் சேரு."

"பதிமூணு ஆயிடும் தலைவரே."

"ஒண்ணை எடு."

"யாரை?"

"கடைசியில இருக்கறவனைத்தான் எடுக்கணும், முறைப்படி. உனக்கு மனசு இல்லேன்னா அஞ்சலாட்சியை எடு. அவ டீச்சரு. டீச்சருக்கு யாரு சர்டிபிகேட் குடுப்பா? அவளை இன்ஸ்ட்ரக்டர்னு போட்டுத் தனியா அனுப்பிக்கலாம். அவளுக்கு இதைவிடப் பெரிய போஸ்டா வரும்."

அப்படி ஒரு பிரிவு அந்தச் சுற்றறிக்கையில் இல்லை. எனக்குத் தெரியும், அதை அவருக்குப் படித்துக் காட்டியவனே நான்தான். எனக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. வவுச்சர் என்பதால் இரண்டு இடத்தில் பெண் கொடுக்க மறுத்திருந்தார்கள். இதையெல்லாம் காரணம் என்று சொல்லவில்லை. அப்போது இதெல்லாம்தான் மனதில் ஓடியது, அதற்காகச் சொல்கிறேன். என் பெயரில் உள்ளே நுழைந்தேன். சான்றிதழை அடித்தேன். பட்டியலைத் திறந்து இரண்டாவது வரியை நீக்கி, கடைசியில் சிவசங்கரியைச் சேர்த்து அச்செடுத்தேன். ஹரிகிருஷ்ணன் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மொத்தமே கால் மணி நேரம்.

பட்டியல் எழுதினபடியே போய்விட்டது என்று அக்காவிடம் அவர் சொல்லி நம்பவைத்திருந்தார். தேர்வு வரை அக்கா எங்களை விடவில்லை. தேர்வுக்கூடத்தில் ஆங்கில விண்டோஸ் இருக்கும் என்று தெரிந்ததும், மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்றிவைத்துப் பழக்கினார். செல்வாம்பாளுக்குத்தான் பயம். "எழுத்தைப் பாக்காதீங்க யக்கா, இடத்தைப் பாருங்க. சேமிக்கறது எங்க இருந்துச்சோ அங்கதான் இருக்கும்" என்று அவர் விரலைப் பிடித்து நகர்த்திக் காட்டினார்.

ஜூன் மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்வு. கேட்டில் பெயர்ப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார்.

"எம் பேரு இல்லியே முருகையா."

"தனியா வரும்க்கா. தலைவரு சொன்னாரு."

"இன்னிக்குத்தானே தேர்வு? தனியான்னா எப்ப?"

மணி அடித்தது. பையும் செல்போனும் உள்ளே கொண்டுபோகக்கூடாது என்று காவலாளி சத்தம் போட்டார். யாருக்கும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டு, "எங்கிட்ட குடுங்க" என்றார். பன்னிரண்டு பேரும் கொடுத்தோம். சிவசங்கரியும் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அக்கா வெயிலில் மதில் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். தோளிலும் கையிலும் எங்கள் பைகள். ஒன்றையும் தரையில் வைக்கவில்லை. எங்களில் முதலில் வந்த செல்வாம்பாளிடம், "சேமிச்சீங்களா யக்கா?" என்றுதான் கேட்டார்.

செப்டம்பரில் முடிவு வந்தது. பன்னிரண்டு பேரும் தேறியிருந்தோம். தட்டுத்தடுமாறி சிவசங்கரியும்.

அக்கா துறை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறார். சங்கம் அனுப்பிய பட்டியலில் உங்கள் பெயரே இல்லையே என்று காட்டியிருக்கிறார்கள். "நான்தான் இவுங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றாராம். "அதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்களாம்.

அந்த ஞாயிறு வகுப்புக்கு நாலு பேர்தான் வந்திருந்தோம். முடிவு வந்த பிறகு கூட்டம் குறைந்துவிட்டது. எல்லோரும் போகும்வரை அக்கா காத்திருந்தார். பிறகு என்னை ஒரு பெட்டிக்கு முன்னால் கூப்பிட்டார். பெட்டிகளை அமைத்தவர் அவர்தான், எல்லோர் கோப்பையும் அவர் கணக்கிலிருந்து பார்க்கமுடியும்.

"பட்டியல் ஃபைல் உம் பேர்ல இருக்குது. வியாழக்கிழமை, பன்னெண்டு பத்து."

"அக்கா…"

"பழைய பட்டியலும் இருக்குது. மாத்தறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வச்சிருக்கே. நான்தானே சொல்லிக் குடுத்தேன், எதையும் நகல் எடுக்காம மாத்தாதேன்னு. அதுல எம் பேரு ரெண்டாவதா இருக்குது."

"தலைவருதான் பண்ணச் சொன்னாரு."

"தலைவரு கீபோர்டைத் தொட்டதே இல்ல முருகையா."

அவர் கத்தியிருந்தால், அடித்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெட்டியை அணைத்துவிட்டு, எப்போதும்போல மேலே துணி போர்த்திவிட்டுப் போனார்.

இராமதாஸ் விஷயம் கேள்விப்பட்டு ஹரிகிருஷ்ணன் வீட்டு வாசலில் நின்று கத்தினார். தெருவே கூடியது. அக்கா ஓடிவந்து அவரை இழுத்துக்கொண்டு போனார். ஹரிகிருஷ்ணன் வீட்டுக்குள்ளிருந்து வரவேயில்லை. சிவசங்கரியின் பிள்ளைகள் இரண்டும் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகும் அக்கா பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு கடிதம் கேட்டார். 'மேற்படி பயிற்சியை எங்களுக்கு அளித்தவர் திருமதி அஞ்சலாட்சிதான்' என்று நாங்கள் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அவரே அச்செடுத்து எடுத்துவந்தார். பணி ஆணை கைக்கு வரட்டும் என்றோம். ஆணை வந்தது. இப்போது எழுதினால் விசாரணை வரும், சிவசங்கரி விஷயம் வெளியே வந்து மொத்தப் பட்டியலும் ரத்தாகும் என்றோம். அதில் பொய் இல்லை. ரத்தாகித்தான் இருக்கும். அக்கா அந்தத் தாளை ஒவ்வொருவர் மேசைக்கும் கொண்டுபோனார். ஒருவர் கழிப்பறைக்குப் போனார். ஒருவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் மேசையில் நிற்கவும் இல்லை, தாண்டிப் போய்விட்டார்.

செல்வாம்பாள் மட்டும் கையெழுத்துப் போட்டார். தன் முழுப் பெயரையும் தமிழில் எழுத்து எழுத்தாக எழுதினார்.

அந்தக் கடிதம் போய் ஒரு மாதத்தில் செல்வாம்பாளைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். நிர்வாகக் காரணம் என்று ஆணையில் இருந்தது. எங்கள் ஊரில் யாரையாவது தண்டிக்கவேண்டும் என்றால் காரைக்காலுக்குத்தான் அனுப்புவார்கள். அதற்கு எந்த ஆதாரமும் யாராலும் காட்டமுடியாது. அவர் வீட்டில் கால் விளங்காத கணவர். ஒருநாள் காரைக்காலிலிருந்து அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். என்ன பேசினார் என்று செல்வாம்பாளே பிறகு என்னிடம் சொன்னார்.

"ஒரு கையெழுத்து போட்டதுக்கு எங்க வூட்டுக்காரரு அங்க சோத்துக்கு எதிர்வூட்டைப் பாத்துக்கினு கெடக்கறாரு. உன் கிளாஸுக்கு நான் வராமலே இருந்திருக்கலாம் அஞ்சலாட்சின்னு சொல்லிட்டேன் முருகையா. கோவத்துல சொல்லிட்டேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஆமாம் யக்கான்னு சொன்னா."

வகுப்பு அதோடு நின்றது. 2008 தொடக்கத்தில் ஹரிகிருஷ்ணன் யாரையோ பிடித்து எட்டுப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். ரிப்பன் வெட்டி, வாழைமரம் கட்டி, அவர் பெயரிலேயே ஒரு பயிற்சி மையம். மாதக் கட்டணம் உண்டு. உள்ளே கடைத்தெருவில் வாங்கிய திருட்டு விண்டோஸ். பழைய ஆறு பெட்டிகளையும் மாடிப்படியில் அடுக்கினார்கள், ஒரு மழையில் நனைந்தன, பிறகு பழைய இரும்புக்காரர் எடுத்துப்போனார். விசைப்பலகைகளில் அந்த பிளாஸ்டர் துண்டுகள் அப்படியே இருந்தன. அந்த மையத்தில் முதல் ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால், அதுவும் நான்தான். ஹரிகிருஷ்ணன் கேட்டார், மறுக்கமுடியவில்லை.

அதே வருடம் மார்ச்சில் அக்காவிடம் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த நிரந்தர எழுத்தர்கள் வந்துவிட்டார்களாம், வவுச்சர் தேவையில்லையாம். அவர் உட்கார்ந்த நாற்காலியில்தான் எனக்கு இடம் கொடுத்தார்கள்.

போன மாதம் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் கோரிமேடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒரு விண்ணப்பம் தட்டச்சு செய்து வரச்சொன்னார்கள். எதிர்ச்சாரியில் வரிசையாக ஜெராக்ஸ் கடைகள். விழுப்புரம் பஸ்ஸில் வந்து இறங்கிய கூட்டம் ஒவ்வொரு கடையிலும் நின்றது. நான் போய் நின்ற கடையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் அஞ்சலாட்சி அக்கா உட்கார்ந்திருந்தார். முன்தலையில் நரை. திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டார்.

எனக்கு முன்னால் ஒரு பெண். ஏதோ அலுவலகத்து வவுச்சராம், விண்ணப்பம் அடிக்க வந்தவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த லிஸ்டுக்குக் கம்ப்யூட்டர் கேக்கறாங்களாம்க்கா. நீங்க இவ்ளோ வேகமா அடிக்கறீங்களே, ஞாயித்துக்கிழமையில எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

"நான் சொல்லித் தரதில்லம்மா" என்றார் அக்கா. பிறகு ஒரு துண்டுத் தாளில் ஒரு முகவரி எழுதினார். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்சந்து, மாடி. ஹரிகிருஷ்ணன் மையம்தான். "இங்க போ. பீஸ் கட்டு. மொதல்ல சான்றிதழை வாங்கிப் பீரோவுல வச்சிக்க, அப்பறமா படி. லிஸ்டு போவறப்ப உம் பேரு அதுல இருக்குதான்னு நீயே போயி கண்ணால பாரு. வேற எவர் சொன்னாலும் நம்பாத."

அந்தப் பெண் போனதும் நான் அம்மாவின் தாளை நீட்டினேன். அக்கா வாங்கிப் பார்த்தார்.

"அம்மா பேரு எப்படி சார் எழுதணும்?"

சார் என்றார். அதில் கோபமோ குத்தலோ இல்லை. எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார் போலிருக்கிறது. சின்னப்பாப்பா என்று சொன்னேன். அடித்தார். ஒரு பிழை இல்லை. அச்செடுத்து, ஓரம் மடங்காமல் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார். "அக்கா" என்று ஆரம்பித்தேன்.

"பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க சார், கொஞ்சம் தள்ளிக்கிங்க" என்றார்.

தள்ளிக்கொண்டேன். அம்மா மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். உறையை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து அவரிடம் போனேன்.